களத்தில் சொல்லாத எண்

அன்று பாடசாலைக் களத்தில் இருந்தவர்கள் இருபத்து மூன்று பேர்.

பாடசாலையை நடத்தும் தையல்நாயகி ஒருவர். அவரிடம் மாணவராக வந்து சேர்ந்திருந்த குஞ்சிதபாதம் ஒருவர். நெல் அளக்கும் மாரிக்கண்ணு ஒருவர். கதிர் அறுத்து, அடித்து, தூற்றிய ஆட்கள் ஏழு பேர்; அதில் ஆண்கள் நால்வர், பெண்கள் மூவர். பாடசாலைப் பிள்ளைகள் பதின்மூன்று பேர். கூட்டினால் இருபத்து மூன்று வரும். வண்டி மாடுகள் இரண்டும் ஒரு செவலை நாயும்கூட இருந்தன. அவற்றைச் சேர்க்கவில்லை.

வரவேண்டியவர் ஒருவர் வரவில்லை. நெல் அளக்கும்போது எண்ணிச் சொல்லும் அப்பாவு. அவருக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். அவர் வந்திருந்தால் அன்று எதுவுமே நடந்திருக்காது.

குஞ்சிதபாதத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. தையல்நாயகிக்கு நாற்பத்தொன்று. தன்னைவிடப் பதினோரு வயது இளையவரிடம் மாணவராக இருப்பதில் அவருக்கு வெட்கம் இல்லை. வெட்கப்படும் நிலையைத் தாண்டித்தான் அவர் அங்கே வந்து சேர்ந்தார்.

அதற்கு முன் வடக்கே ஒரு நெசவுக்கார ஊரில் பத்தொன்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தெருவெல்லாம் பாவும் தறியுமான ஊர். வயல் என்று ஒன்று கிடையாது. அவர் கையில் எப்போதும் ஒரு புளியங்குச்சி இருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவருடைய பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள் என்று ஊரில் பேர். அந்தப் பேர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு நாள் காலை முதல் ஒரு சிறுமியைக் காணவில்லை. ஒன்பது வயது. குளம், கிணறு, கோயில், சந்தை என்று தேடினார்கள். பொழுது சாயும் நேரத்தில், ஓடாத ஒரு தறியின் அடியில், கால் மிதிக்கும் குழிக்குள் அவள் குறுகி உட்கார்ந்திருந்ததை யாரோ பார்த்தார்கள். வெளியே தூக்கி விட்டபோது அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பதினாறாம் வாய்ப்பாடு. ஓர் பதினாறு பதினாறில் ஆரம்பித்து, ஏழு பதினாறு வரை வந்து நின்றாள். எட்டுக்குப் போகவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி ஏழில் நின்றாள். பகல் முழுவதும் குழிக்குள் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

குஞ்சிதபாதம் அவள் முன்னால் குனிந்தார். அவரைக் கண்டதும் உதடு நின்றது. பாவாடை நனைந்தது.

மறுநாள் அவர் குச்சியை மூன்று துண்டாக முறித்து அடுப்பில் போட்டார். ஆற்றுக்குத் தெற்கே ஒரு பாடசாலையில் பிள்ளைகள் கணக்கு நேரத்தில் சிரிக்கிறார்கள் என்று ஒரு வண்டிக்காரர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

வந்த அன்றே தையல்நாயகியிடம் கேட்டார்.

"பிள்ளைகளுக்குக் கணக்கு என்றால் பயம். அதைப் போக்குவது எப்படி அம்மா?"

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் தையல்நாயகி. சோறு போட்டார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டார். அப்போது தையல்நாயகி திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு எதைக் கண்டா பயம் அண்ணே?"

எண்களைக் கண்டு எனக்கு எந்தப் பயமும் இல்லை, நாற்பது வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று குஞ்சிதபாதம் சொன்னார். தையல்நாயகி தலையை ஆட்டிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

மூன்றாவது முறை கேட்டது அறுப்பு முடிந்த அன்று. அதற்குக் காரணம் அஞ்சலை.

அஞ்சலை மாரிக்கண்ணுவின் மகள். வயது எட்டு. ஆடி மாதம் பாடசாலையில் சேர்ந்தாள். அவள் சேர்ந்த அன்று தையல்நாயகி நாற்றங்காலுக்குப் போயிருந்தார். பிள்ளைகளைக் குஞ்சிதபாதம்தான் பார்த்துக்கொண்டார். அஞ்சலை முன்னால் புளியங்கொட்டைகளைக் குவித்து எண்ணச் சொன்னார். அவள் தயங்கவில்லை. ஒரு கொட்டையை விரலால் தள்ளிக் கணீரென்று எண்ண ஆரம்பித்தாள். ஆனால் முதல் கொட்டைக்கே ஏதோ தப்பான சொல்லைச் சொன்னாள். என்ன சொல் என்று அவருக்கு நினைவில்லை. ஒன்று என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் அவர் காதில் விழுந்தது.

அவர் அடிக்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"முதல் எண்ணே தெரியலையே."

மற்றப் பன்னிரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள். அஞ்சலை தான் சொன்னது காதில் விழவில்லையோ என்பது போல அவர்களைப் பார்த்தாள். மறுபடி எண்ண ஆரம்பித்தாள். மறுபடி அதே சொல். மறுபடி சிரிப்பு. மூன்றாவது முறை அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆடி போய்த் தை வந்தது. கணக்கு நேரத்தில் அவள் வாய் திறக்கவே இல்லை.

தமிழ்ப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். கணக்குக்குப் பலகையை எடுக்கச் சொன்னால் போதும், முகம் வெளுத்துவிடும். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். இன்னொரு கையைத் தொட்டுப் பார்த்தால் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருக்கும். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மூன்று முறை பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பினாள். பிள்ளைகள் அவள் காது கேட்க, "மூணு, நாலு, அஞ்சலை" என்று எண்ணிச் சிரிப்பார்கள்.

குஞ்சிதபாதம் செய்து பார்க்காதது இல்லை. கொட்டைக்குப் பதிலாகச் சோழி கொடுத்தார். வெல்லம் கொடுத்தார். தனியாக உட்காரவைத்துக் கேட்டார். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை என்று தலையைத் தடவினார். தடவும்போது அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அந்த மூடிய கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தறிக்குழி ஞாபகம் வரும். குச்சி இல்லாமலேயே இது நடக்கிறதே என்று உள்ளுக்குள் நடுங்குவார்.

அறுப்பு முடிந்த அன்று மாரிக்கண்ணு அவரைத் தேடி வந்தார். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே பேசினார். பிள்ளை விடிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, இரண்டு வாய்க் கஞ்சி இறங்கவில்லை, பெற்றவனால் பார்க்க முடியவில்லை என்றார். களத்து வேலை முடிந்ததும் நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். அவளுடைய அத்தை நாற்றுப் பறிக்க ஊர் ஊராகப் போகிறவள். அவளோடு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேசியாயிற்று.

"எங்க பரம்பரையே எண்ணிப் பொழைச்சதுங்க. இவளுக்கு மட்டும் வரலை. விட்டுடுங்க வாத்தியாரய்யா."

அவர் போனதும் குஞ்சிதபாதம் தையல்நாயகியிடம் ஓடினார். அன்றுதான் மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டார்.

தையல்நாயகி கோணிச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோர்த்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு அப்பாவு வர முடியாது. களத்துல நீங்க எண்ணிச் சொல்லுங்க அண்ணே."

"நான் கேட்டது அஞ்சலையைப் பற்றி."

"காதுல விழுந்துச்சு," என்றார் தையல்நாயகி.

பாடசாலைக்குச் சொந்தமாக ஒரு துண்டு வயல் உண்டு. அதில் விளைவதுதான் பிள்ளைகளின் மதியக் கஞ்சி. வருஷா வருஷம் நெல் அளக்கும் அன்று பிள்ளைகளுக்குப் பாடம் கிடையாது. களத்தில் வந்து வேடிக்கை பார்ப்பார்கள், சாக்குப் பிடிப்பார்கள்.

அன்றும் வந்து வைக்கோல் ஓரமாக உட்கார்ந்தார்கள். அஞ்சலை கடைசியில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். குஞ்சிதபாதத்தைக் கண்டதும் அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. பாடம் இல்லாத நாளிலும் அவரைப் பார்த்தால் அப்படித்தான்.

பொங்கிக் கிடந்த நெல்லின் உச்சியில் ஒரு சாணிப் பிள்ளையார் இருந்தார். மாரிக்கண்ணு சூடம் காட்டிக் கும்பிட்டார். அந்த ஊர் முறைப்படி அளக்கிறவர் எண்ணமாட்டார். எண்ணுகிறவர் நெல்லைத் தொடமாட்டார். ஒருவர் மரக்காலால் அளந்து சாக்கில் கொட்ட, மற்றவர் உரக்க எண்ணவேண்டும். பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். கலம் முடிந்ததும் அடையாளத்துக்கு ஒரு பிடி நெல்லைப் பாயில் தனியாக வைத்துவிட்டு, அடுத்த கலத்தை முதலிலிருந்து எண்ணுவார்கள். நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டால் அத்தனையையும் திரும்பக் கொட்டி மறுபடி அளக்கவேண்டும்.

குஞ்சிதபாதத்துக்கு அன்று காலையில் மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. அறுக்கத் தெரியாது, தூற்றத் தெரியாது. எண்ணத் தெரியும். பன்னிரண்டு வரைக்கும்தானே.

மாரிக்கண்ணு முதல் மரக்காலை நிரப்பித் தூக்கினார்.

"ஒன்று," என்றார் குஞ்சிதபாதம், பாடசாலைக் குரலில்.

மாரிக்கண்ணுவின் கை அந்தரத்தில் நின்றது. சாக்குப் பிடித்திருந்த ஆள் சாக்கின் வாயை மூடினான். தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தை இறக்கினார்கள். மாரிக்கண்ணு அந்த நெல்லைச் சாக்கில் போடாமல் குவியலிலேயே திரும்பக் கொட்டினார். முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

குஞ்சிதபாதம் சுற்றிலும் பார்த்தார். ஏதோ தவறு நடந்திருக்கிறது. என்ன தவறு என்று தெரியவில்லை. சத்தம் போதவில்லையோ என்று நினைத்தார்.

மாரிக்கண்ணு மறுபடி நிரப்பினார். குஞ்சிதபாதம் இன்னும் உரக்க, "ஒன்று" என்றார்.

இந்த முறை ஒரு ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டான். நெல் மறுபடி குவியலுக்கே போயிற்று. பெண்களில் மூத்தவள் ராசாம்பாள், வாய்த் துடுக்குக்காரி. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, மூடிய வாயாலேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வாத்தியாருக்கு முதல் எண்ணே தெரியலையே."

களம் சிரித்தது. ஆட்கள் சிரித்தார்கள். வைக்கோல் ஓரத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள்.

யாராவது என்னவென்று சொல்வார்கள் என்று குஞ்சிதபாதம் காத்திருந்தார். ஒருவரும் சொல்லவில்லை. படித்த மனிதருக்கு இதைப் போய் எப்படிச் சொல்வது என்று மாரிக்கண்ணு குனிந்துகொண்டார். தையல்நாயகி களத்தின் அந்தக் கோடியில் ஒரு சாக்கின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதம் அவரையே பார்த்தார். அவர் நிமிரவில்லை.

மூன்றாவது முறை மரக்கால் நிரம்பி மேலே வந்தது.

குஞ்சிதபாதம் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. எந்தச் சொல்லைச் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. நாற்பது வருஷமாக எண்ணிய வாய், ஒட்டிக்கொண்டது. ஒன்றுக்கு முன்னால் வேறு ஏதாவது எண் இருக்கிறதா, தனக்கு மட்டும் அது தெரியாமல் போயிற்றா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. உள்ளங்கை குளிர்ந்தது. அடிவயிற்றில் எதுவோ முறுக்கிப் பிடித்தது. அவர் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. வெயிலில் நின்ற மனிதருக்கு உடம்பு நடுங்கியது. அங்கிருந்து எங்கேயாவது ஓடி, ஒரு குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டால் போதும் என்று இருந்தது.

அப்போது யாரோ அவருடைய வேட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்கள்.

பன்னிரண்டு பேர் சிரித்த இடத்தில் சிரிக்காத ஒருத்தி. அவர் வயிற்றைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். அவர் முகத்தைப் பார்க்காமல், வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டு, காற்று மாதிரி ஒரு குரலில் சொன்னாள்.

"லாபம்னு சொல்லுங்க ஐயா."

ஆறு மாதத்துக்குப் பிறகு குஞ்சிதபாதத்துக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது. ஆடி மாதம் புளியங்கொட்டையைத் தள்ளிவிட்டு அவள் கணீரென்று சொன்ன சொல் அதுதான்.

அந்த ஊரில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள். ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடுமோ என்று பெரியவர்களுக்கே ஒரு அச்சம். லாபம், இரண்டு, மூன்று என்றுதான் எண்ணுவார்கள். நடக்கப் பழகிய நாள் முதல் அஞ்சலை தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கணக்கு அது. அவளுக்குத் தெரிந்த முதல் எண் அது. பாடசாலையில் அதைச் சொன்னதற்குச் சிரித்த பிள்ளைகள்தான், களத்தில் அதைச் சொல்லாததற்கும் சிரித்தார்கள்.

"லாபம்," என்றார் குஞ்சிதபாதம்.

மாரிக்கண்ணு பெருமூச்சு விட்டு நெல்லைச் சாக்கில் கொட்டினார்.

இரண்டு. மூன்று. நான்கு. மரக்கால் ஏறி இறங்க, குஞ்சிதபாதம் சொல்லிக்கொண்டே போனார். அஞ்சலை வேட்டி ஓரத்தை விடவில்லை. ஒரு கலம் முடிந்து ஒரு பிடி நெல் பாய்க்கு வந்தது. இரண்டு கலம். மூன்று கலம். ஆனால் ஒரு முறை நடுங்கிய உடம்பு லேசில் அடங்குவதில்லை. ஒவ்வொரு கலத்தின் முதல் மரக்காலுக்கும் நாக்கு ஒன்று என்றே சொல்லப் பார்த்தது. அதைப் பிடித்து இழுப்பதிலேயே கவனம் எல்லாம் போயிற்று.

நான்காவது கலத்தில் ஒரு மரக்கால் சாக்கில் விழுந்தது. குஞ்சிதபாதம் வாயைத் திறந்தார். ஏழா, எட்டா என்று தெரியவில்லை.

மாரிக்கண்ணு காத்திருந்தார். ஏழு வரை வந்து நின்ற ஒரு குரல் குஞ்சிதபாதத்தின் தலைக்குள் சுற்றியது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஏழு. ராசாம்பாள் பக்கத்தில் இருந்தவளிடம், இனி எல்லாத்தையும் திரும்பக் கொட்டவேண்டியதுதான், பொழுது இங்கேயே போச்சு என்று முணுமுணுத்தாள்.

"எட்டு."

குஞ்சிதபாதத்தின் குரல் இல்லை அது. மாரிக்கண்ணு தலையைத் தூக்கினார். தன் மகளைப் பார்த்தார்.

சின்னப் பிள்ளை பேச்சை நம்பிப் பாடசாலை நெல்லை அளப்பதா என்று ஆட்களில் ஒருவன் கேட்டான். மாரிக்கண்ணு அவன் பக்கம் திரும்பவில்லை. மகள் எண்ணி அவர் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

"எட்டுன்னா எட்டுதான்," என்றார். மரக்காலைக் குவியலுக்குள் சொருகினார்.

அதற்குப் பிறகு ஒன்பது என்று அஞ்சலை மெல்லச் சொல்ல, குஞ்சிதபாதம் உரக்கச் சொன்னார். ஐந்தாவது கலம் முழுவதும் இருவரும் சேர்ந்து சொன்னார்கள். ஆறாவது கலத்தில் குஞ்சிதபாதம் குரலைத் தாழ்த்திப் பார்த்தார். அவள் குரல் தாழவில்லை. ஏழாவது கலத்தில் அவர் நிறுத்திக்கொண்டார். தான் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது அஞ்சலைக்குத் தெரியவில்லை. தெரிந்துவிடுமோ என்று குஞ்சிதபாதம் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

பாயில் ஒன்பதாவது பிடி நெல் விழுந்தது. குவியல் இருந்த இடத்தில் ஒரே ஒரு மரக்கால் நெல் இருந்தது. மாரிக்கண்ணு அதைக் கூட்டி அள்ளினார். மரக்கால் சரியாக நிரம்பியது. தரையில் ஒரு மணி இல்லை. அதைச் சாக்கில் கொட்டிவிட்டு நிமிர்ந்தார்.

எண்ணியவர் கடைசியில் கணக்கைச் சொல்லவேண்டும். அதுவும் முறைதான். மாரிக்கண்ணு குஞ்சிதபாதத்தைப் பார்த்தார். குஞ்சிதபாதம் அஞ்சலையைப் பார்த்தார்.

"நீதானே எண்ணினே. எத்தனை கலம்?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். அத்தனை கண்ணும் தன் மேல் இருப்பதை அப்போதுதான் கண்டாள்.

"ஒன்பது," என்றாள்.

"மீதி?"

கேட்ட பிறகுதான் குஞ்சிதபாதத்துக்குத் தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. அஞ்சலையின் வாய் மூடிக்கொண்டது. ஒன்று என்று சொன்னால் களம் சிரிக்கும். மற்றதைச் சொன்னால் வாத்தியார் சிரிப்பார். இரண்டையும் பார்த்தவள் அவள். முகம் வெளுத்தது. கை வயிற்றுக்குப் போயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மாரிக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இதைத்தான் நான் சொன்னேன் என்பது போல ஒரு பார்வை.

குஞ்சிதபாதம் தையல்நாயகியைப் பார்க்கவில்லை. பார்க்க நேரம் இல்லை. முழங்கால் மடக்கிக் களத்து மண்ணில் உட்கார்ந்தார். அவர் தலை அஞ்சலையின் தோளுக்குக் கீழே வந்தது. அவள் பாவாடையின் ஓரத்தைப் பிடித்தார். காற்று மாதிரி ஒரு குரலில், அவள் காதுக்கு மட்டும் சொன்னார்.

"லாபம்னு சொல்லும்மா."

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கண்ணையும் திறந்தாள்.

"ஒன்பது கலம். மீதி லாபம்."

சொல்லிவிட்டு ஓடிப்போய் வைக்கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். குஞ்சிதபாதம் பின்னாலேயே போய் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சில்லென்றுதான் இருந்தது. தன் கையும் அப்படியே இருந்ததால் எது யாருடைய குளிர் என்று அவருக்குத் தெரியவில்லை.

மாரிக்கண்ணு வெகு நேரம் சாக்குகளின் வாயைக் கட்டினார். ஒரு சாக்கை இரண்டு முறை கட்டினார். கிளம்பும்போது துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு குஞ்சிதபாதத்தின் முன்னால் வந்து நின்றார். தரையைப் பார்த்தபடியே, நாளைக்குக் காலையில் வைக்கோல் போர் போடுகிற வேலை இருக்கிறது என்றார். அஞ்சலை கூடமாட இருந்தால் உதவியாக இருக்கும் என்றார்.

குஞ்சிதபாதம் வைக்கோல் பக்கம் திரும்பி அஞ்சலையைத் தேடினார்.

"அதனால நாளைக்குக் கொஞ்சம் நேரங்கழிச்சு அனுப்புறேன். கோவிச்சுக்காதீங்க வாத்தியாரய்யா."

மகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்கள் ஏழு பேரும் போனார்கள். போகிற போக்கில் ராசாம்பாள் அடுத்த வருஷமும் வாத்தியாரையே கூப்பிடவேண்டும், அப்பாவு எண்ணினால் சிரிக்க ஒன்றும் இல்லை என்றாள். சாக்குகளை வண்டியில் ஏற்றியாயிற்று. மறுநாள் குதிரில் கொட்டும்போது மறுபடி அளந்தார்கள். நூற்றொன்பது மரக்கால், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்று ஆட்கள் போன பின் களத்தில் தையல்நாயகியும் குஞ்சிதபாதமும் நின்றார்கள். பிள்ளைகள் சாணிப் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு, வாய்க்காலில் கரைக்க வரப்பின் மேல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவள் முதல் நாளே சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள்," என்றார் குஞ்சிதபாதம்.

"ம்."

"எனக்குத்தான் காதில் விழவில்லை."

தையல்நாயகி மரக்காலைக் கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருந்த உமியைத் தட்டினார்.

"மத்தப் பிள்ளைங்க முதல் நாள் என்ன சொன்னாங்க?"

குஞ்சிதபாதம் வரப்பைப் பார்த்தார். முன்னால் போகிறவன் எண்ணும்போது ஏழு வந்தால் உதட்டைக் கடிப்பான். அவனுக்குப் பின்னால் போகிறவள் எப்போதும் பக்கத்துப் பலகையைப் பார்த்து எழுதுவாள். அவளுக்கும் பின்னால் போகிறவன் யார் தவறினாலும் முதலில் சிரிப்பவன். அவனுக்குப் பயமே கிடையாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். இவர்கள் முதல் நாள் வந்து தன் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தபோது என்ன சொன்னார்கள் என்று யோசித்தார். ஒருவர் சொன்னதும் நினைவில் இல்லை. மறுபடி முதலிலிருந்து யோசித்தார்.

"இனி நான் என்னம்மா செய்யணும்?"

தையல்நாயகி மரக்காலைக் கீழே வைத்தார். ஒரு விரலை வரப்பின் பக்கம் நீட்டி, முன்னால் போகிற பிள்ளையில் ஆரம்பித்து, லாபம், ரெண்டு, மூணு என்று கடைசிப் பிள்ளை வரை நிதானமாக எண்ணினார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தி சொன்னது காதுல விழுந்தாச்சு. மீதி பன்னெண்டு."